பாதிப் பாட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. மின்கட்டண ரசீதில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் அவர் 'காது'. வேலை, லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்துக்குள் நுழைந்து, லிஃப்ட் ஒரு தடவை ஏறி இறங்குவதைக் கீழே நின்று கேட்டுவிட்டு, "மேல சக்கரத்துல பேரிங் போச்சு" என்பார். ஏறிப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவரும் பிளக்க வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் அந்தக் காது வேறு வேலைக்குப் போகும். பல் டாக்டரின் கிளினிக்குக்கு அன்று விடுமுறை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நோயாளிகள் உட்காரும் அதே நாற்காலிகளில் அறுபது, எழுபதுகளின் பாட்டுப் பைத்தியங்கள் வந்து உட்காரும். சுவரில், ஈறு வீங்கிய பெரிய வாய் ஒன்றின் படம். அதற்குக் கீழே டாக்டர், கணக்கு டீச்சர், காது, இன்னும் சிலர். பாடியது யார், இசையமைத்தது யார் என்பதெல்லாம் அங்கே பச்சைக் குழந்தைக்கான கேள்வி. இசைத்தட்டு அட்டையில் பெயர் அச்சாகாத ஆட்களுக்காகத்தான் அடிதடி. பாட்டுகளுக்கும் அங்கே செல்லப் பெயர்தான்.

"படகுப் பாட்டுல விசில் அடிச்சது யாரு?" என்று டீச்சர் ஆரம்பிப்பார்.

"அது விசிலே இல்ல டீச்சர். புல்லாங்குழல்," என்பார் டாக்டர்.

"ரெண்டாவது வரிக்கு முன்னாடி எச்சில் முழுங்குற சத்தம் கேக்குது. குழல் வாசிக்கிறவரு அப்படியா முழுங்குவாரு?"

"எச்சில் யார் வேணும்னாலும் முழுங்கலாம். வேலை நாள்ல வந்து பாருங்க, என் நாற்காலியில உக்காந்தவங்க எல்லாருமே முழுங்குறாங்க."

சண்டை முற்றினால் எல்லாத் தலையும் காதின் பக்கம் திரும்பும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. தீர்ப்புக்கு வேண்டிய சாட்சியும் அவரிடமிருந்தே வரும். அவர் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இசைத்தட்டுகள். ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பதிவு செய்து எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவைப்பார். அதனால் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் கேட்டது காதின் வீட்டுப் பாட்டைத்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்த நோயாளி. வாயில் அச்சு மாவை வைத்துவிட்டு டாக்டர் சும்மா இருக்காமல் படிக்கட்டுப் பாட்டை முணுமுணுத்திருக்கிறார். ரேடியோவே மறந்துபோன பாட்டு அது. மாவை எடுத்ததும் பெரியவர் சொன்ன முதல் வார்த்தை, "அதுல நான் வாசிச்சிருக்கேன்."

நன்றாகத் தேய்த்த சட்டை போட்டு, மருமகள் கையைப் பிடித்தபடி வந்தார். புதுச் செட் இன்னும் தயாராகவில்லை. பழையது பேசும்போது லேசாக ஆடியது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்து, துருத்தியை விரித்து மூடுவதுபோல் காட்டினார்.

"அக்கார்டியன். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வரும். சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு ரெக்கார்டிஸ்ட் என்னைக் கதவுகிட்ட கொண்டுபோய் நிறுத்திட்டாரு. காத்து வேற. விரல் எல்லாம் விறைச்சுப் போச்சு."

டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். காது மட்டும் புருவத்தைச் சுருக்கினார். அந்தத் தட்டு ஊரில் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தப் பாட்டுல அக்கார்டியனே கிடையாது."

"இருக்கு தம்பி."

"கேட்டுப் பாத்துடலாமே."

போனை ஒலிபெருக்கியில் செருகி ஓடவிட்டார். முதல் சரணம் முடிந்தது. வயலின்கள் மெதுவாக ஏறி இறங்கின. பெரியவரின் விரல்கள் மடியில் வாசித்துக்கொண்டிருந்தன. இரண்டாவது சரணம் வந்துவிட்டது. அக்கார்டியன் வரவில்லை. விரல்கள் நின்றன.

"இன்னொரு தடவை போடுங்க," என்றார். போட்டார். "இன்னும் ஒரு தடவை," என்றார். அதையும் போட்டார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமலோ, இல்லை கொழுப்போ தெரியாது, காது சொன்னார்:

"அக்கார்டியன் அன்னைக்கு லீவு போல."

அறை சிரித்தது. டாக்டர் கூடச் சிரித்துவிட்டார். பெரியவரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "எனக்குத்தான் ஞாபகம் தப்பிடுச்சு போல," என்றார். மருமகள் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

காது வீட்டுக்குப் போகும்போது சந்தோஷமாகவே போனார். இன்னொரு தீர்ப்பு. இன்னொரு வெற்றி.

அவர் மனைவி மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவளுக்குப் புருஷன் மூஞ்சி ஒரு பெரிய விஷயமா? அதில் எழுதியிருப்பதை ஒரே பார்வையில் படித்துவிடுவாள். அடுத்த வாரம் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதாக இருந்தது. இருவரும் சேர்ந்து இசைத்தட்டு அலமாரியை நகர்த்தினார்கள்.

"ஏங்க, இது என்ன, ஒரு வால் தொங்குது?"

ஒட்டடைக்கு நடுவே ஒரு வெள்ளை ஒயர் தொங்கியது. பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு ஒயர் போக வேண்டும். சிவப்பு வலப்பக்கச் சத்தத்துக்கு, வெள்ளை இடப்பக்கத்துக்கு. சிவப்பு ஒழுங்காகச் செருகியிருந்தது. வெள்ளை கழன்று, தூசி படிந்து, எத்தனையோ நாளாக அநாதையாகக் கிடந்தது.

காதுக்கு உடனே நினைவு வந்தது. எப்போதோ ஒரு நாள் இடப்பக்க ஸ்பீக்கர் ஊமையாகிப்போனது. அவர் என்ன ஏதென்று பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபயரில் 'மோனோ' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினார். இரண்டு ஸ்பீக்கரும் பாடின. கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டிலும் வந்தது வலப்பக்கச் சத்தம் மட்டும்தான் என்று தோன்றவே இல்லை. லிஃப்டில் இந்த மாதிரி வேலை பார்த்தவனை அவர் விட்டுவைத்திருக்கமாட்டார். பழைய தட்டுகளில் பெரும்பாலும் எல்லாச் சத்தமும் ஒரே மொத்தையாக இருக்கும், பாதி போனாலும் தெரியாது. ஆட்களை இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று பிரித்து வைத்த தட்டுகள் கொஞ்சம்தான்.

படிக்கட்டுப் பாட்டு அதில் ஒன்று.

வெள்ளையைச் செருகினார். பொத்தானை விடுவித்தார். தட்டைப் போட்டார். முதல் சரணம் முடிந்ததும் இடப்பக்கத்திலிருந்து அக்கார்டியன் தாவிக் குதித்து வந்தது. கதவோரத்தில் நிற்கிற ஆள் வாசிக்கிற மாதிரியே, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் குளிரில். ஒளிந்திருந்ததாகவெல்லாம் சொல்ல முடியாது. செவிடனுக்கும் கேட்கும்.

"நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள் மனைவி.

சொன்னார். அந்த லீவு ஜோக்கை மட்டும் விட்டுவிட்டார். அவள், "அவ்வளவுதானா? நீங்க வேற ஏதாச்சும் சொல்லியிருப்பீங்களே," என்றாள். அதையும் சொன்னார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று போனார். டீச்சர் மழைப் பாட்டின் டிரம்ஸ் பற்றிக் கேட்டார். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. தொண்டை வரை வந்தது திரும்பி உள்ளே போய்விட்டது. தட்டு தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது, யாருக்கும் தெரியவராது என்று ஒரு மூலையில் நினைப்பு ஓடியது. அந்த நினைப்புக்காகவும் தன்னைத் திட்டிக்கொண்டார். அன்றைக்கு டிரம்ஸ் விஷயத்தில், "சரியா சொல்லத் தெரியல," என்றார். காது இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று டீச்சர் மிட்டாய் கொடுத்தார்.

அதற்கடுத்த வாரம் டாக்டரிடம் மெல்ல விசாரித்தார்.

"அந்தப் பல்செட் பெரியவர் வந்தாரா?"

"வந்தாரு, வந்தாரு. என்னமோ மாதிரி ஆயிட்டாரு. செட் எப்படி இருக்குன்னு நான் கேட்டா மருமகளைப் பாக்குறாரு. வலிக்குதா இல்லையான்னு அந்தப் பொண்ணு சொல்லணுமாம். ஏன் சார்னு கேட்டேன். 'என் தலையை நம்ப முடியல டாக்டர், வாசிக்காததையெல்லாம் வாசிச்சேன்னு சொல்லிட்டுத் திரியுறேன்'னாரு. தனியா வெளிய போறதில்லையாம்."

டாக்டர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பாட்டில் தப்புத் தீர்ப்புச் சொன்னோம் என்றுதான் அதுவரை காதுக்கு உறுத்தல். ஒரு மனுஷனுடைய மண்டைக்கே தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், தட்டு எல்லாவற்றையும் கம்பெனி வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரியவர் வீட்டு வாசலில் போய் இறங்கினார். கதவைத் திறந்த மருமகளுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. முகம் இறுகியது.

"இன்னும் என்ன சார் பாக்கி?"

"தப்பு என் பேர்லதாங்க. அவருகிட்டயே சொல்லணும்."

பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காது தரையில் உட்கார்ந்து ஒயர்களைச் செருகிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பாட்டு ஓடியது. அக்கார்டியன் வந்தது. காது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

முகத்தில் ஒன்றும் ஆகவில்லை.

"நல்ல மனசு தம்பி உங்களுக்கு," என்றார் பெரியவர். "கிழவன் வருத்தப்படுவானேன்னு சேத்து எடுத்துட்டு வந்திருக்கீங்க. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் சேக்கலாமாம், பேரன் சொன்னான்."

காதுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. பொய்யை நம்பவைப்பதற்கு ஒரு வரி போதுமாக இருந்தது. உண்மைக்கு ஒரு வண்டிச் சாமான் கொண்டுவந்தும் போதவில்லை.

"ஐயா, இது தட்டு. அந்தக் காலத்துல அடிச்சது. இதுல யாராலயும் புதுசா எதையும் சேக்க முடியாது. என்னை நம்ப வேணாம். நீங்களே உருவிப் பாருங்க."

கையைப் பிடித்து ஆம்ப்ளிஃபயர் அருகே இறக்கி உட்காரவைத்தார். பாட்டு ஓட ஓட, பெரியவர் வெள்ளை ஒயரை உருவினார். அக்கார்டியன் போனது. செருகினார். வந்தது. உருவினார். போனது. செடியைப் பிடுங்கி நட்டு விளையாடுகிற பிள்ளை மாதிரி, அதே இடத்துக்கு முள்ளை நகர்த்தச் சொல்லித் திரும்பத் திரும்பச் செய்தார். கடைசியில் ஒயரைச் செருகியபடியே விட்டுவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

"முடிவுல ஒரு சுரம் வழுக்கிட்டேன்," என்றார். "அப்பவே தெரியும். குளிரு. யாரும் கவனிக்கல."

பிறகு கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்தார். குரலே மாறிவிட்டது.

"அப்போ அன்னைக்கு அடுப்பையும் நான்தான் அணைச்சிருக்கேன். எரியவிட்டுட்டேன்னு நீ சும்மா சொல்லியிருக்கே."

மருமகள் சற்று யோசித்தாள். "அப்படித்தான் இருக்கும் மாமா," என்றாள்.

பெரியவர் காதின் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் இதைச் சொல்லணும். அந்த லீவு விஷயத்தையும் விடாம சொல்லணும்."

"சொல்றேன் ஐயா."

"சிரிச்சாங்கன்னா சிரிக்கட்டும்."

சாமான்களைக் கீழே இறக்கும்போது மருமகள் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். வண்டிக்குள் வைத்துவிட்டு, மேலே ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள்.

"அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு சார். நான்தான் அணைச்சேன். இந்தப் பாட்டு விஷயத்துக்கு முன்னாடியே அவருக்கு அப்பப்போ ஞாபகம் தப்பும். ஆனா அப்பல்லாம் தப்பினா சிரிப்பாரு. உங்க எடத்துக்கு வந்துட்டுப் போனதுக்கப்புறம் பயந்துட்டாரு."

காது தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். அவள் அதற்குள் படியேறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பெரியவரும் மருமகளும் வந்ததும், சொன்னார். ஒயரைச் சொன்னார், பொத்தானைச் சொன்னார், லீவு ஜோக்கைச் சொன்னார், எல்லார் போனிலும் இருப்பது பாதிப் பாட்டு என்பதைச் சொன்னார். தெரிந்தபிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னார். அது பெரியவர் கேட்காதது. யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மட்டும், "அப்போ போன வருஷம் எனக்கு எதிரா சொன்ன தீர்ப்பெல்லாம்?" என்றார்.

"எல்லாத்தையும் திரும்பக் கேக்கணும் டீச்சர். தோத்தவங்க ஜெயிச்சிருக்கலாம்."

டாக்டர் அவரைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் பெரியவருக்குப் போட்டார். அதற்குமேல் யாருக்கும் காதின் நினைவு இல்லை. எல்லாரும் பெரியவரைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். வயலின் எத்தனை பேர்? இரண்டாவது வயலின் யார்? ஒரே டேக்கா? சாப்பாடு போட்டார்களா?

"சாப்பாடு போட்டாங்க. வயலின் ஒரு அறை நிறைய இருந்தாங்க."

"படகுப் பாட்டுல விசில் அடிச்சது யாருங்க ஐயா?" டீச்சர் முந்திக்கொண்டார்.

பெரியவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். மூலையில் உட்கார்ந்திருந்த காது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரின் கண் மருமகளைத் தேடிப் போகுமோ என்று அவருக்குப் பயம்.

போகவில்லை. புதுப் பல்செட் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு பெரியவர் சொன்னார்:

"சுத்தமா ஞாபகம் இல்லம்மா. அடுத்த கேள்வி."