உப்பில் ஊறிய கூரைப்புடவை

மரக்காணம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி டிரை கிளீனிங் கடை வைத்திருக்கிறேன். போர்டில்தான் டிரை கிளீனிங். வருகிறவர்களுக்கு அது பெட்ரோல் வாஷ். எந்தக் கறையைக் காட்டினாலும், "பெட்ரோல் வாஷ் போட்டுடுங்க, போயிடும்" என்பார்கள். போகாதது எவ்வளவோ இருக்கிறது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

போன வருஷம், உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒருத்தி வந்தாள். மகளுக்குக் கல்யாணம். பிளவுஸ் தைப்பதற்காக மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே கொடுத்திருந்த கூரைப்புடவையைப் பையிலிருந்து எடுத்தாள். தொட்டுப் பார்த்தேன். மஞ்சள் பட்டு, அரக்குக் கரை. அப்பளம் மாதிரி விறைத்து, மடிப்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க?"

"சாயம் போவக் கூடாதுன்னு உப்புத் தண்ணில போட்டேங்க்கா."

புதுத் துணியை ஒரு கை உப்புப் போட்டு ஊறவைப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் அது நூல் புடவைக்கு. இவளோ வேலை செய்யும் பாத்தியிலிருந்தே உப்பை அள்ளி வந்து, பட்டை நாள் பூரா ஊறவைத்து, அலசினால் சாயம் போய்விடுமென்று அலசாமலே காயப்போட்டிருக்கிறாள். வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். தலை குனிந்தே நின்றாள்.

"அவங்க வீட்டுப் புடவைங்க்கா. கெட்டுப்போச்சுன்னா எம் பொண்ணத்தான் சொல்லுவாங்க. காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க."

அதற்கப்புறம் எனக்குத் திட்ட வரவில்லை.

பெட்ரோல் வாஷில் எண்ணெய்ப் பிசுக்கு போகும், உப்பு கரையாது என்றேன். தண்ணீர்தான் வேண்டும், ஆனால் உப்பில்லாத தண்ணீர் பட்டால் கரைச் சாயம் மஞ்சளில் இறங்கலாம். அப்படியே விட்டாலோ ஜரிகை கறுத்து, மடிப்பில் பட்டு இற்றுப்போகும். "அலசிடுங்கக்கா" என்றாள்.

என் கடை போர் தண்ணீரே கரிக்கும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்து, கரையைத் தூக்கிப் பிடித்தபடி அலசினேன். உப்பு போயிற்று, பட்டும் பழையபடி குழைந்தது. ஆனால் கொசுவம் வரும் இடத்தில் ஒரு கை அகலத்துக்கு அரக்கு இறங்கிவிட்டது.

அவள் அழவில்லை. மெதுவாக, "நீங்க கெடுத்துட்டதா சொல்லிடட்டுமாக்கா?" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஏம்மா, நான் கட நடத்துறதா வேணாமா?"

புடவையை மடித்து நீட்டினேன். உப்பில் வெடித்த விரல் பட்டில் சிக்குமென்று புறங்கையில் ஏந்தி வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. "போ, சொல்லிக்க" என்றேன்.

மறுநாளே சம்பந்தியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். இவளும் பின்னாலேயே வந்தாள்.

"பட்டுன்னா இன்னான்னு தெரியுமா உனக்கு? தெரியாதவளுக்கு எதுக்குக் கட?"

ரோடே நின்று வேடிக்கை பார்த்தது. நான் பதிலுக்குப் பதில் பேசாமல் நின்றது அதிசயம்தான். "தப்பு என்னுதுதாங்க" என்றேன். கத்தி ஓய்ந்ததும் அவர் இவளிடம், "நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம். உடுங்க, கொசுவத்துல மறைஞ்சிடும்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் இவளுக்கு மூச்சு வந்தது.

அந்தப் புடவையிலேயே கல்யாணம் நடந்தது. என் கடைக்குத்தான் பட்டு வருவது நின்றுபோனது. அனுமந்தை, கூனிமேடு என்று சுற்று ஊர்கள் வரைக்கும் பேச்சு போய்விட்டது. ராத்திரி படுத்தால் அவள்மேல் எரிச்சலாக வரும். அந்தப் பெண் நன்றாக இருக்கிறாளா என்றும் நினைப்பேன்.

போன வாரம் கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது வந்தாள். கையில் துணி எதுவும் இல்லை. அவர்களைப் பார்த்து, "எம் பொண்ணு கூரப்புடவைய உப்புல போட்டுக் கெடுத்தது நான்தான். இவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள்.

நான் பதறி அவளை உள்ளே இழுத்தேன். "அடிப்பாவி, சம்பந்தி காதுக்குப் போச்சுன்னா?"

"நேத்தே நான் போயி சொல்லிட்டேங்க்கா."

"இன்னா சொன்னாங்க?"

"திட்டுனாங்க. என்னத்தான் திட்டுனாங்க. எம் பொண்ண ஒண்ணும் சொல்லல."