மேரி ஆண்ட்டி வீட்டில் ஐந்து நாள்

பிரவுணியின் கழுத்தில் பவுடர் வாசனை அடித்தது. பத்துமலையிலிருந்து ஐந்து நாள் கழித்துத் திரும்பிய அன்று ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்தேன். எப்போதும் அதன் மேல் இருக்கும் மண் நாற்றம் போய், குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளையைப் போல அது மணந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அம்மா மட்டும் குனிந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "நாய்க்கு எதுக்கு பவுடரு?" என்றார். எங்கள் வீட்டுச் சந்தேகங்கள் எல்லாம் இப்படி ஒரு சின்னக் கேள்வியில்தான் தொடங்கும்.

அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தார். யோங் பெங் ஊரில் பலகை வீடுகள் வரிசையாக இருந்த ஒரு "லைனில்" அப்பா, அம்மா, நான், பிரவுணி என்று குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்த அந்த வருடம், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அப்பா வேண்டிக்கொண்டிருந்ததால் வீடு முழுக்க விரதம். நாய்க்கும் சாம்பார் சோறுதான். ஐந்து நாள் நாயை யாரிடம் விட்டுப் போவது என்பது காவடியைவிடப் பெரிய பாரமாகிவிட்டது. இந்தப் பக்கத்துச் சீனர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள், இதைக் குதறிவிடும் என்றார் அம்மா. அந்தப் பக்கத்து மலாய்க்காரர் தங்கமான மனிதர், ஆனால் முஸ்லிமான அவரை நாயைத் தொடச் சொல்லிக் கேட்பதே தப்பு என்றார் அப்பா. ஆலையில் அப்பாவோடு வேலை பார்ப்பவரோ, நாயைக் காஹாங்கில் யாருக்காவது கொடுத்துவிட்டு "ஓடிப்போச்சு" என்று சத்தியம் செய்யக்கூடியவராம்.

கடைசியில் மிஞ்சியவர் கோடி வீட்டு மேரி ஆண்ட்டி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சிங்கப்பூரில் இருந்ததால் தனியாக வாழ்ந்தார். அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டு முடிப்பதற்குள், "கொண்டாந்து விடுங்க லா, இதுல என்ன இருக்கு" என்றுவிட்டார். திரும்பி வரும்போது அம்மாவுக்கு நிம்மதியே இல்லை. "கேட்ட வாய் மூடல, சரிங்கிறாங்க. ஏதோ இருக்கு" என்றார்.

அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: விரத வீட்டு நாய், "கவுச்சி" மட்டும் கொடுக்கக்கூடாது. மேரி ஆண்ட்டி சர்ச்சுக்குப் போகிறவர், மத்தியானம் ஆனால் அவர் வீட்டு மீன் குழம்பு வாசனை லைன் முழுக்க வரும். "நாய்க்கும் விரதமா?" என்று சிரித்தார். பிறகு, "சரிம்மா, போடல" என்றார். பத்துமலைப் படிகளில் அப்பா காவடியைச் சுமந்தார், அம்மா அந்தச் சிரிப்பைச் சுமந்தார்.

ஊர் திரும்பியபின் பிரவுணி சாப்பிடவில்லை. கொல்லைப்புறச் சாக்கடை ஓரத்தில் அதன் தட்டில் வைத்த சோறு காய்ந்தது, எறும்பு மொய்த்தது. அது கேட்டருகே உட்கார்ந்து கோடி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் வேலிக்கடியில் நுழைந்து அங்கேயே போய்விட்டது. மேரி ஆண்ட்டிதான் கூட்டிவந்தார். "நான் கூப்பிடலம்மா. எங்க கேட்டு சாத்தித்தான் இருந்துச்சு." அம்மா நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"மருந்து வச்சுட்டாங்க" என்றார் பிறகு. சோற்றில் எதையோ கலந்து கொடுத்து ஒருவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. வழக்கமாக மருமகள்கள் மேல் சுமத்தப்படும் இந்தப் பழியை ஒரு நாய்க்காகச் சுமத்தியது எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

பெக்கான் நானாஸிலிருந்து அம்மாவின் அண்ணன் வரவழைக்கப்பட்டார். மருந்தை வாந்தியில்தான் எடுக்க முடியும் என்று சொல்லி, மஞ்சளும் உப்பும் கரைத்துப் பாட்டிலில் ஊற்றினார் மாமா. அப்பா வாயைப் பிடிக்கப் போனபோது பிரவுணி உறுமியது. "பாப்பா புடிச்சா கடிக்காது" என்றார் மாமா. கடிக்கவில்லை. இரண்டு கையாலும் அதன் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டேன். மாமா ஊற்ற ஊற்ற அது என் முகத்தைத்தான் பார்த்தது. மூன்று முறை வாந்தி எடுத்தது. மஞ்சள் தண்ணீரும் நாலைந்து புல்லும் வந்தன. மாமா குச்சியால் கிளறி ஒரு புல்வேரைக் காட்டி, "இதான்" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் நான் கூப்பிட்டபோது பிரவுணி வரவில்லை. என் கையைப் பார்த்ததும் வாலை இடுக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போனது. அன்று மத்தியானமே மறுபடி கோடி வீடு. இரண்டு முறை சங்கிலி போட்டு இழுத்து வந்த அப்பா, மூன்றாம் முறை, "விடு, அங்கேயே கெடக்கட்டும்" என்றார். நான் அழுதேன். அம்மா அழவில்லை, மேரி மருந்து வைத்த கதையைக் கடையிலும் கோயிலிலும் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு மேரி ஆண்ட்டி வீடு வீடாகக் கொடுத்த கேக்கை லைனில் பாதிப்பேர் வாங்கிக் கோழிகளுக்குப் போட்டார்கள்.

ஒருநாள் பள்ளிவிட்டு வரும்போது நேராக அவரிடமே போய்க் கேட்டேன். "ஆண்ட்டி, நீங்க பிரவுணிக்கு மீன் போட்டீங்களா?"

"அலமாக், இல்ல பாப்பா. உங்கம்மா சொன்னாங்க இல்ல? அந்த அஞ்சு நாளும் நானே மீன் வாங்கல. வாசன வந்தா பாவம், அது எப்படி சும்மா இருக்கும்?"

"அப்புறம் ஏன் எங்க வீட்ல சாப்பிடல?"

"இங்க நான் தட்ட வச்சிக்கிட்டு பக்கத்துல உட்கார்ந்துக்குவேன். ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடுவோம். தனியா வச்சா அதுக்கு எறங்கல போல."

பிரவுணி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தது. கிட்டே வரவில்லை. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், மருந்தே இல்லாத நாயின் வாயைப் பிளந்து பிடித்தவள் நான் என்று ஆகிவிடும்.

இப்போது ஜொகூர் பாருவில் இருக்கிறேன், எனக்கும் ஒரு நாய் இருக்கிறது. போன மாதம் பினாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டி, வீட்டில் வைத்து நாய் பார்த்துக்கொள்ளும் ஆட்களைத் தேடினேன். நான்கு பேர் வீட்டைப் போய்ப் பார்த்தேன், கழிப்பறை வரைக்கும். அதிகம் சிரித்தவரையும் சிரிக்காதவரையும் கழித்துவிட்டேன். தேர்ந்தெடுத்த பெண்ணின் வரவேற்பறையில் கேமரா இருந்தது, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். கையெழுத்து இல்லாமல், கேமரா இல்லாமல், கேட்ட உடனே "கொண்டாந்து விடுங்க லா" என்பவர் இன்று யாரும் இல்லை, இருந்தால் நானே நம்பமாட்டேன். அந்த லைன் இருந்த இடத்தில் இப்போது கடை வீடுகள். பிரவுணி மேரி ஆண்ட்டி மடியிலேயே செத்தது, அவரும் சிங்கப்பூரில் மகன் வீட்டில் காலமாகிப் பல வருடமாகிறது.

பினாங்குக்குப் போகும் வழியில், காரில் பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்: "நல்லா விசாரிச்சியா? அந்த மேரி மாதிரி ஆளா இருந்திடப் போவுது."

ஏனென்று தெரியவில்லை, அன்று சொல்லிவிட்டேன். மீன் வாங்காத ஐந்து நாளை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதை, எல்லாவற்றையும். வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, இத அப்பவே எங்கிட்ட சொல்லல? அவங்க இருக்கறப்பவே சொல்லியிருந்தா, போயி கையப் புடிச்சு மன்னிப்பு கேட்டிருப்பேனே" என்றார்.

நான் என்ன சொல்லியிருந்தாலும் அம்மா போய் மன்னிப்புக் கேட்டிருக்கமாட்டார் என்பதில் மட்டும் முப்பது வருடமாக எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.