பஞ்சாமிர்தம் தின்ற மார்ஷல்

நான் முருகனைத் திட்டியதை மறைத்துவிட்டு, அவன் செய்ததை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். அதனால் இரண்டையும் எழுதுகிறேன். அடியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. ஷிப்ட் முடிந்து வடக்குப்பட்டில் என் வீட்டுக் கதவைத் திறந்தால் பேச ஆள் கிடையாது. ஒவ்வொரு கிருத்திகைக்கும் விரதம் இருந்து, என் கையாலேயே பஞ்சாமிர்தம் பிசைந்து படைத்து, "முருகா, எனக்கு ஒரு துணையைக் காட்டு" என்று அழுவேன். மறைமலை நகரில் இருக்கும் மகள் சுமதி குடும்பத்தோடு என்னிடம் வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சுமதி வந்தாள். என்னை ஒரு நாய்கள் காப்பகத்துக்குக் கூட்டிப் போனாள்.

சரி, ஒரு குட்டியாவது கிடைக்கும் என்று நினைத்தேன். பத்து வயது டெரியர் ஜாதி நாய் ஒன்றைக் காட்டினார்கள். பெயர் மார்ஷல். வளர்த்தவர்கள் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனார்களாம். வயதான நாயை யாரும் கேட்டு வருவதில்லையாம்.

"ஒனக்கும் அதுக்கும் சரியா இருக்கும்மா" என்றாள் சுமதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கூட்டி வந்தேன்.

மூன்று வாரம் என் பிராணனை வாங்கியது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கூப்பிட்டால் உறுமும். தெருவில் கம்பெனி பஸ் போனால் போதும், தொண்டை கட்டுகிற வரை குரைக்கும். சோறு வைத்தால் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்த பிறகுதான் வாய் வைக்கும். என் கையை மோந்து பார்க்கக்கூட இல்லை. பூஜை அலமாரி முன்னால் நின்று கேட்டேன்: "பெத்த பொண்ணைக் கேட்டா, யாரோ வேணாம்னு வுட்ட நாயைக் குடுக்கிறியே, இது நல்லா கீதா?"

தைக் கிருத்திகை வந்தது. படைத்து முடித்து, பஞ்சாமிர்தத்தில் ஒரு பிடி எடுத்துக் கட்டிலுக்கு அடியில் நீட்டினேன். பிரசாதமாவது சாப்பிடட்டும் என்றுதான். மார்ஷல் தவழ்ந்து வந்து தின்றது. என் விரல்களை நக்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முருகன் கண் திறந்துவிட்டான் என்று இன்னும் இரண்டு பிடி கொடுத்தேன். சுமதிக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன்.

மறுநாள் மார்ஷலுக்கு ஒரே வாந்தி. கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். அதில் ஒரு நாள் வீணாய்ப் போனது. அதற்கடுத்த நாள் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு படப்பை கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"இன்னாக்கா, கெயட்டு நாய்க்கா இம்மாம் அழுவுற?" என்றார் ஆட்டோக்காரர். எனக்கே அப்போதுதான் தெரிந்தது, நான் அழுதுகொண்டிருந்தது.

டாக்டர் என்ன கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"காஞ்ச திராட்சை போட்டீங்களா?"

"நெறையப் போட்டேன் சார். சாமிக்குப் படைக்கிறதாச்சே."

"நாய்க்குத் திராட்சை விஷம்மா. கிட்னியை அடிச்சிருக்கு. ஒண்ணுக்குப் போகவே இல்ல பாருங்க. டிரிப் ஏத்தறேன். ஒண்ணுக்குப் போச்சுன்னா பொழைக்கும். போகலன்னா என் கையில இல்ல."

நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று வாய்விட்டே திட்டினேன். "ஒனக்குப் படைச்சதைத்தானே குடுத்தேன்? மனுசனை எடுத்துக்கினே, கேக்கல. இதையுமா எடுத்துக்குவே? எனக்குத் துணை வாணாம், ஒண்ணும் வாணாம். அது ஒண்ணுக்குப் போவட்டும். அது போதும்." பிரார்த்தனையா இது? அன்று எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

இரண்டு நாள் டிரிப் ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு போனேன். மார்ஷலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டக்கூடத் தெம்பில்லை. சிறிது நேரத்தில் தொடையில் வெதுவெதுப்பாக ஈரம் பரவியது. குனிந்து பார்த்தேன். யூனிபார்ம் முழுக்க நனைந்திருந்தது.

"முருகா!" என்று நான் போட்ட கூச்சலில் டாக்டர் ஓடி வந்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த ஈரத்தோடுதான் கும்பிட்டேன்.

மார்ஷல் ஒன்றும் திருந்திவிடவில்லை. இப்போதும் பஸ்ஸைப் பார்த்துக் குரைக்கிறது. போன வாரம்கூட என் செருப்பைக் கடித்துக் குதறியது. மாத்திரையைச் சோற்றில் ஒளித்து வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறது. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ஷிப்ட் முடிந்து வரும்போது கட்டிலுக்கு அடியில் இருப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நிற்கிறது. நானும் அதோடு சண்டை போட்டபடியே சமைக்கிறேன். சுமதி ஏன் வரவில்லை என்று முருகனிடம் கேட்பதை விட்டுவிட்டேன்.

மனதில் பாரம் உள்ளவர்களே, நல்ல வார்த்தை வரவில்லையே என்று வேண்டாமல் இருந்துவிடாதீர்கள். கோபம் வந்தால் கோபமாகவே கேளுங்கள். நான் கேட்டது சாமியிடம் கேட்கிற விஷயமா? ஒரு கிழ நாயின் மூத்திரம். அதையும் அவன் காதில் போட்டுக்கொண்டான்.