வாய்க்குள் பத்தொன்பது இல்லை

‘டங்’ என்று ஒரு சத்தம்.

அடுப்படியில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த பல்லக்காவின் கை அப்படியே நின்றது. சத்தம் பின்பக்கக் கொட்டகையிலிருந்து வந்தது. என்ன விழுந்தது, ஏது விழுந்தது என்று அவள் யோசிக்கவே இல்லை. பெற்றவளுக்குப் பிள்ளையின் இருமல் தெரியாதா? அவள் செய்த காரின் இடது கதவு. பறவை இறக்கையை விரிப்பதுபோல மேலே தூக்கித் திறக்கிற கதவு. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது மாதிரி இரண்டு கையாலும் இறக்க வேண்டியதை, யாரோ ஒரு முழ உயரத்தில் கையை விட்டுவிட்டார்கள்.

யாரோ என்ன யாரோ. அவள் வீட்டுக்காரர்தான்.

"பார்த்தீங்களா சார், எவ்வளவு கெட்டின்னு? எல்லாம் இந்தக் கைதான்!" என்று அவர் குரல் சுவர் தாண்டி வந்தது.

இந்தக் கை! அந்தக் கை இந்த வீட்டில் ஒரே ஒரு தடவை ஆணி அடித்திருக்கிறது. அன்றைக்கும் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் அடித்தது.

பல்லக்கா வடிகட்டியை உதறினாள். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பல்லக்கா என்பது அவளுக்கு வேலை கொடுத்த பெயர். பல் டாக்டர்களுக்குப் பல்செட்டு செய்து கொடுக்கிற ஒரு சின்ன லேபில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறாள். அச்சு எடுப்பது, மெழுகில் செதுக்குவது, வார்ப்பது, தேய்ப்பது, பளபளப்பாக்குவது எல்லாம் அவள்தான். ஜன்னல் ஓரம் ஒரு மேசை, ஒரு விளக்கு, மூக்கு வரை ஏறுகிற வெள்ளைத் தூசி. கூட வேலை செய்கிறவர்கள், "பல்லக்காவுக்கு என்ன, பல்லக்கில ஏறினவங்க" என்று கேலி பேசுவார்கள். பல்லக்கு ஏற யோகம் உண்டு, உன்னி ஏறச் சீவன் இல்லை என்ற பழமொழியை அவளும் சிரித்துக்கொண்டே பதிலாகச் சொல்வாள்.

கடைத்தெருவில் எதிரே வருகிறவர் வாய் நிறையச் சிரித்தால், அது தான் செதுக்கிய பல் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "அந்த டாக்டர் கட்டின பல்லு, அசல் மாதிரியே இருக்குல்ல?" என்று அவர்கள் அவளிடமே காட்டுவார்கள். "ஆமா, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையோடு நடப்பாள். வேறென்ன சொல்வது? நடுத்தெருவில் ஒருவர் வாயைப் பிடித்து, இது என்னுடையது என்றா சொல்ல முடியும்?

அப்படி இருந்தவளுக்குத்தான், ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு டாக்டரின் காத்திருப்பு அறையில் கிழிந்த பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தது. நடுப்பக்கத்தில் ஒரு கார். சிவப்பு. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, பாயப் போகிற பூனை மாதிரி முதுகை வளைத்திருந்தது. உலகத்திலேயே சில நூறு பேரிடம்தான் இருக்குமாம். பல்லக்காவுக்கு அதை ஓட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த முன் விளிம்பு எப்படி வளைந்து விளக்குக் குழிக்குள் இறங்குகிறது என்றுதான் பார்த்தாள். கடைவாய்ப் பல்லின் ஓரம் ஈறுக்குள் இறங்குமே, அதே வளைவு. ‘இதை நான் செஞ்சிடுவேன்’ என்று மனசு சொல்லிவிட்டது. சொல்லித் தொலைத்துவிட்டது.

முதலில் மெழுகில், உள்ளங்கை அளவு. பிறகு பழைய சின்னக் கார் ஒன்றின் எஞ்சினும் சக்கர அச்சுகளும் கொட்டகைக்கு வந்தன. இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பட்டறையில் போய்க் கற்றுக்கொண்டாள். மேலுடம்பைத் தெர்மகோலில் செதுக்கி, மேலே பிளாஸ்டர் போட்டு அச்சு எடுத்து, அதற்குள் கண்ணாடி இழையும் பிசினுமாக வார்த்தாள். விரலில் பிசின் ஒட்டிச் சோற்றிலும் அதன் வாடை. நாத்தனார் வரும்போதெல்லாம், "ஒரு பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு அண்ணி? ஊறுகா போடக் கத்துக்கிட்டாலாவது நாங்க நாலு பேர் நக்கிப் பார்ப்போம்" என்பாள். பல்லக்கா தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

வீட்டுக்காரர் மட்டும் கேலி செய்ததில்லை. பஸ் நிலைய முன்பதிவுச் சாளரத்தில் வேலை. நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். முதல் வருஷம், "என் வீட்டுக்காரி கார் செய்யறா" என்று அலுவலகத்தில் சொன்னார். யாரும் நம்பவில்லை. மூன்றாம் வருஷம், "நாங்க கார் செய்யறோம்" என்றார். கொஞ்சம் நம்பினார்கள். ஆறாம் வருஷம், "நான் கார் செய்யறேன்" என்றார். உடனே நம்பிவிட்டார்கள்! அதற்குப் பிறகு அந்தச் சாளரத்தில் அவருக்குப் பெயரே ‘ரேஸ்’. மனிதர் எப்படி இறங்கி வருவார்?

அது தெரிந்தும் பல்லக்கா பேசாமல் இருந்தாள். ஆனால் இந்தக் கார் கண்காட்சியை அவளால் விட முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடப்பது. தங்கள் கையாலேயே கார் செய்தவர்களுக்கென்று தனி அரங்கம். மூன்று நாள். ஒவ்வொரு காரின் முன்னாலும் ஒரு பலகை, அதில் செய்தவர் பெயர். ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு பலகைக்குத்தான். அறிவிப்பை வெட்டி எடுத்து, "உங்க கையெழுத்துதான் அழகு, நீங்களே பூர்த்தி பண்ணி அனுப்பிடுங்க" என்று கணவரிடம் கொடுத்ததும் அவளேதான்.

இன்று காலை சோதனைக்கு வந்த கண்காட்சிக்காரர், வாசலிலேயே வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விண்ணப்பக் கோப்பைத் திறந்தார். ‘செய்தவர்’ என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் வீட்டுக்காரரின் பெயர். ‘முழுவதும் என் கையால் செய்தேன் என உறுதி கூறுகிறேன்’ என்பதற்குக் கீழேயும் அவர் பெயர்.

"இது என்னங்க?" என்று அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"விண்ணப்பிக்கறவர் யாருன்னு கேட்டிருந்தான். நான்தானே விண்ணப்பிச்சேன்? அந்த வேகத்துல அடுத்த வரியையும் எழுதிட்டேம்மா. இப்ப போய்க் கிளறாதே, மானம் போயிடும். டீ போடு, டீ போடு."

அந்தத் தேநீரோடுதான் இப்போது அவள் கொட்டகைக்குப் போனாள்.

கண்காட்சிக்காரர் ஒல்லியானவர், தலை நரைத்தவர், ஒரு காலத்தில் பெரிய பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவராம். காரின் மூக்கைத் திறந்துவைத்து, தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லக்கா முதலில் கதவைத்தான் பார்த்தாள். கீலுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அந்தக் கதவு மட்டும் நான்கு மாச வேலை.

"சார், இந்த உடம்பு எத்தனை துண்டு?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"அது... நிறைய சார்," என்றார் வீட்டுக்காரர்.

"உள்பக்கம் ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டிருக்கு. பதினொண்ணு, பன்னெண்டு... பதினெட்டு வரைக்கும் வருது. அப்புறம் நேரா இருபத்தொண்ணு. பத்தொன்பதும் இருபதும் எங்கே?"

"அது ரெண்டும் உள்ளுக்குள்ள மறைஞ்சிருக்கு சார்."

"இருபத்தெட்டுக்கு அப்புறம் முப்பத்தொண்ணு இருக்கே?"

"அதுவும் அப்படித்தான். மறைவா!"

"ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும்?"

வீட்டுக்காரர் சிரித்தார். "சார், பத்து வரைக்கும் சும்மா பழகிப் பார்த்தது."

கண்காட்சிக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். முகத்தில் இருந்த மரியாதை கழன்றுவிட்டிருந்தது. "சார், நான் முப்பது வருஷம் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தவன். என் காதுல பூ சுத்தாதீங்க. நம்பர் போட்டுத் துண்டு துண்டா விக்கிற உடம்பை எங்கேயோ வாங்கியிருக்கீங்க. விட்டுப்போன நம்பரை அவங்க வேற வண்டிக்கு அனுப்பியிருப்பாங்க. வாங்கி ஒட்டின உடம்புக்கு எங்க அரங்கத்துல இடமில்லை." பேனாவின் மூடியைத் திறந்தார்.

வாங்கியது!

ஒன்பது வருஷம். நகக்கண்ணில் இன்னும் போகாத பிசின். கணவர் பெயர் போட்டதைக்கூட விழுங்கியிருப்பாள். இருபத்தாறு வருஷமாக விழுங்கிப் பழகியவள்தானே. ஆனால் வாங்கியது என்ற அந்த ஒரு சொல்லை விழுங்க முடியவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"வாய்க்குள்ள பத்தொன்பது கிடையாதுங்க," என்றாள்.

"என்னம்மா?"

"பல்லு நம்பருங்க அது. வாயை நாலாப் பிரிப்போம். ஒரு பக்கத்துக்கு எட்டுப் பல்லு. முதல் எண் எந்தப் பக்கம்னு சொல்லும், ரெண்டாவது எத்தனாவது பல்லுன்னு சொல்லும். மேல் வலது பக்கம் பதினொண்ணுலேர்ந்து பதினெட்டு. அதோட பல்லு முடிஞ்சுது. மேல் இடது பக்கம் இருபத்தொண்ணுல ஆரம்பிக்கும், கீழே முப்பத்தொண்ணுலயும் நாப்பத்தொண்ணுலயும். வண்டியையும் அப்படித்தான் நாலாப் பிரிச்சேன். முன் வலது, முன் இடது, பின் இடது, பின் வலது. மொத்தம் முப்பத்திரண்டு துண்டு. எனக்குத் தெரிஞ்ச கணக்கு அது ஒண்ணுதாங்க."

கண்காட்சிக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"முப்பத்தாறுல கையை விட்டுப் பாருங்க," என்றாள் பல்லக்கா. "பின் இடது. உள்ளே ஒரு குழி இருக்கும். அன்னிக்குக் கையுறை கிழிஞ்சு, பிசின் இறுகறதுக்குள்ள என் கட்டைவிரல் பதிஞ்சிடுச்சு. தேய்க்க மனசு வரலை."

அவர் போய்த் தடவினார். தடவிக்கொண்டே, "சார், நீங்க வந்து விரலை வைங்க," என்றார்.

வீட்டுக்காரர் வைத்தார். அவருடைய கட்டைவிரல் குழியின் விளிம்பிலேயே முட்டிக்கொண்டு நின்றது. பல்லக்கா கிட்டேயே போகவில்லை. போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"எனக்கு ஸ்பேனரோட எந்த முனையைப் பிடிக்கணும்னே தெரியாது சார்," என்றார் வீட்டுக்காரர், தலை குனிந்தபடி. "எல்லாம் இவதான். வாய் தவறிச் சொல்லி, சொன்னதைக் காப்பாத்தறதுக்காகக் கை தவறி எழுதிட்டேன்."

பேசி முடித்ததும் பல்லக்காவின் மனசு லேசாகியிருக்க வேண்டாமா? கண்காட்சிக்காரர் கோப்பை மூடுகிற விதத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இப்ப வேற சிக்கல்ம்மா. கையெழுத்துப் போட்ட உறுதிமொழி தப்புன்னா விண்ணப்பம் ரத்து. புதுசா எழுதவும் முடியாது, பட்டியலை நேத்தோட மூடியாச்சு."

"ஒரே வீடுதானே சார்! யார் பேர் இருந்தா என்ன?" என்று வீட்டுக்காரர் துடித்தார்.

கண்காட்சிக்காரர் பல்லக்காவின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் பேசினார். "அம்மா, என் காதுல எதுவும் விழலைன்னு வச்சுக்கறேன். வேலை அவ்வளவு சுத்தம், விட்டுட்டுப் போக எனக்கே மனசில்லை. பலகையில அவர் பேர் இருக்கட்டும். நீங்க பக்கத்துல நாற்காலி போட்டு உட்காருங்க. மூணு நாளும் ஜனம் வந்து பார்க்கும். சரின்னா சரி. இல்லைன்னா விண்ணப்பத்தை அடிச்சுடறேன். நீங்கதான் சொல்லணும்."

பல்லக்கா காரைப் பார்த்தாள். தகர இடுக்கு வழியாக விழுந்த வெயில், அந்தச் சிவப்பு முதுகில் நெளிந்து ஓடியது. பெரிய விளக்குகளுக்குக் கீழே இது எப்படி ஜொலிக்கும் என்று எத்தனை நாள் நினைத்துப் பார்த்திருப்பாள்! சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கூடவே, கூட்டத்துக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, "ஆமா, நல்லா இருக்கு" என்று தானே தலையாட்டுவதும் கண்முன் வந்தது. மூன்று நாளும்.

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவில்லை.

"அடிச்சுடுங்க," என்றாள்.

"ஏம்மா! ஒன்பது வருஷம்மா!" என்று வீட்டுக்காரர் அலறினார்.

"அது எனக்குத் தெரியாதா? எண்ணினது நீங்களா நானா?" என்று அவள் திரும்பிக் கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் இந்தக் குரலில் அவள் பேசியதில்லை. அவர் அப்படியே பின்வாங்கி, கவிழ்த்துவைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கண்காட்சிக்காரர் விண்ணப்பத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பேனா தாளில் உரசிய சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

வாசல் வரை பல்லக்காதான் கூட வந்தாள். செருப்பை மாட்டியவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்தார்.

"அடுத்தது ரெண்டு வருஷம் கழிச்சு. நான் இருப்பேனோ, வேற ஆள் வருவாங்களோ, தெரியாது. எதுக்கும் குறிச்சு வச்சுக்கறேன். உங்க பேரு?"

சொன்னாள். அவர் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டார்.

"இனிஷியல்?"

பல்லக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். "அதுவும் அவரோடதுதாங்க. வேணாம், வெறும் பேரே போதும்."

அவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். இரண்டு வருஷம் என்றால் ஐம்பத்து நாலு என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றாள். அவர் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.