பெட்டிக்கு மேலே மூன்று முட்டை

கனடாவில் இருக்கும் என் தம்பிதான் அந்த விளையாட்டைச் சொல்லித் தந்தான். காட்டுப் பாதையில் யாரோ ஒரு பெட்டியை ஒளித்து வைப்பார்களாம். உள்ளே ஒரு முத்திரையும் ஒரு குறிப்புக் கொப்பியும் இருக்குமாம். துப்பை வைத்துக் கண்டுபிடிப்பவர் அந்த முத்திரையைத் தன் கொப்பியில் குத்திக்கொண்டு, தன் முத்திரையைப் பெட்டிக் கொப்பியில் குத்திவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டுமாம். வேலை வெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்று அவனை ஏசினேன். ஏசிவிட்டு அந்தக் கிழமையே பழைய செருப்பின் அடியை வெட்டி, முத்திரைக்கென்று ஒரு கொக்கைச் செதுக்கினேன். என் குணம் அப்படி.

வாவிக் கரையில் எங்கள் பெண்கள் சங்கம் பார்த்துக்கொள்ளும் சிறிய பறவைகள் சரணாலயம் ஒன்று இருக்கிறது. கண்டல் மரங்களுக்குள்ளே ஒரு பலகைப் பாதை போகும். ஆவணி வெயிலில், தண்ணீர் வற்றிச் சேறு வெடித்துக் கிடந்த நாளில், நானும் மச்சாளும் பெட்டி வைக்கப் போனோம். மச்சாள் என் கணவரின் தங்கை; என்னையும் மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். நித்திரையிலும் கதைப்பவள். பலகை முடிந்த இடத்தில் இறங்கிக் கொஞ்சத் தூரம் போனால் இரட்டைத் தண்டுள்ள ஒரு கண்டல். மாரித் தண்ணீரின் கறை அதில் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே தண்டு பிரியும் இடத்தில் நல்ல கவடு ஒன்று இருந்தது. இங்கே வைத்தால் எந்த வெள்ளமும் தொடாது என்றாள் மச்சாள். எனக்கும் சரியென்று பட்டது. நாங்கள் தண்ணீருக்குப் பயந்தே வளர்ந்தவர்கள். வீட்டில் எந்தச் சாமானையும் வெள்ளக் கறைக்கு மேலேதான் வைப்போம். பறவைகள் சரணாலயத்தில் நின்றுகொண்டு பறவையைப் பற்றி இருவருமே நினைக்கவில்லை. என்ன புத்தியோ.

தை பிறந்ததும் நீர்க்காகங்கள் வந்தன. அதை நான் எவ்வளவு எதிர்பார்த்திருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். முந்திய ஒரு மாரியில் இப்படித்தான் கூடு கட்டியிருந்தன. பார்க்க வந்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன், முட்டை இருக்கிறது, கிட்டப் போக வேண்டாம் என்று. ஒரே ஒரு படம் என்று போனார்கள். பறக்கிற படம் வேண்டுமென்று கை தட்டினார்கள். முழுக் கூட்டமும் எழும்பிவிட்டது. பிறகு காகமும் பருந்தும் கூடு கூடாகப் புகுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருடம் ஒரு பறவையும் வரவில்லை. வெறும் மரங்களைப் பார்த்து அழுதிருக்கிறேன். இப்போதுதான் திரும்பி வந்திருந்தன. இந்த முறையும் கலைந்தால் பிறகு இந்தக் கரைக்கு அவை வராது என்று எனக்குத் தெரியும்.

அவை கூடு கட்டி அடைகாக்கத் தொடங்கிய நேரத்தில்தான் தம்பி சந்தோஷமாக அழைத்தான். நான் இடத்தைச் சொல்ல அவன் இணையத்தில் போட்ட துப்பைப் பார்த்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் ஞாயிறு காலையில் வருகிறார்களாம். இரட்டைத் தண்டுக் கண்டலின் கவட்டில் கையை விடு என்பதுதான் துப்பின் கடைசி வரி. அந்த மரத்தைச் சுற்றித்தான் அத்தனை கூடுகளும். உடனே அழிக்கச் சொல்லிக் கத்தினேன். அவர்கள் ஏற்கெனவே எழுதி எடுத்துவிட்டார்கள் என்றான்.

அவர்கள் வருமுன் பெட்டியை எடுத்துச் சரணாலய வாசல் படலைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவதென்று நானும் மச்சாளும் முடிவு செய்தோம். ஞாயிறு விடிந்ததும் பலகை முடிவில் நின்று மச்சாள் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வாயை இறுக்கிக் கட்டினாள். மண்டூர்க் கோயிலில் வாய் பேசாமல் பூசை செய்யும் பூசகர் கட்டுவதைப் போலவே கட்டினாள். அவள் அந்த ஊர்க்காரி. கட்டுமுன் ஒன்று சொன்னாள்.

“இல்லாட்டி என்ட வாய் நிக்காது மச்சாள்.”

வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். காலைத் தூக்காமல் சேற்றில் இழுத்து இழுத்துப் போனோம். நீர்க்காகங்கள் கழுத்தை நீட்டின. ஒன்று சிறகைப் பாதி விரித்தது. நாங்கள் நின்றோம். அது மடக்கியது. மறுபடி நகர்ந்தோம். மேலே ஒரு பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

மரத்துக்குக் கிட்ட வந்ததும் மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தாள். விடு என்று கண்ணால் அதட்டினேன். அவள் விடவில்லை. தலையைத் தலையை ஆட்டினாள். எனக்குக் கோபம் ஏறியது. கையை உதறிக்கொண்டு கவட்டுக்குக் கையை நீட்டிய பிறகுதான் கண்டேன். பெட்டி இருந்தது. அதன் மூடிக்கு மேலே சுள்ளிகள். சுள்ளிக்கு மேலே ஒரு நீர்க்காகம். அது என்னைப் பார்த்துக்கொண்டே மெல்ல எழுந்து நின்றது. காலடியில் வெளிறிய மூன்று முட்டைகள். நாங்கள் வெள்ளத்துக்குத் தப்ப வைத்த இடத்தைத்தான் அதுவும் தேர்ந்திருந்தது.

அந்த நேரம் பலகைப் பாதையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சொன்னதற்கு முன்னமே வந்துவிட்டார்கள். ஓட முடியாது. வந்தது போலவே சேற்றில் காலை இழுத்துப் பின்வாங்கினோம். ஒவ்வொரு சிரிப்புக்கும் மரம் முழுவதும் கழுத்துகள் உயர்ந்தன. ஒன்று எழும்பினால் போதும். பலகையில் ஏறி அவர்களை மறித்து, மெதுவாகக் கதைக்கும்படி கேட்டேன்.

முன்னால் வந்தவர் வெளிநாட்டில் இருக்கும் இந்தப் பக்கத்து ஆள். கையில் அழகான கொப்பி, முத்திரை. பெட்டியைத் தேடி வந்தோம், இப்படித்தானே போக வேண்டும் என்றார். உண்மை நாக்கு நுனியில் நின்றது. கை தட்டிய சத்தம் நினைவுக்கு வந்தது.

“பெட்டி இல்ல தம்பி. நாங்களும் இப்பதான் இறங்கித் தேடிட்டு வாறம். யாரோ எடுத்திட்டாங்க.”

ஈரச் சேலையைப் பார்த்ததும் நம்பிவிட்டார். முகம் மாறியது.

“ஒரு சின்னப் பெட்டியக்கூட விட்டு வைக்கல்ல. கள்ளக் கூட்டம். அதான் இந்த ஊர் உருப்படல்ல.”

என்னிடம் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா போனதில்லை. அவர் ஆயுசுக்கும் மறக்காத பதில் தொண்டை வரை வந்தது. மச்சாளின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. “ஓம்” என்றேன்.

அவர்கள் திரும்பினார்கள். வான் சத்தம் ஓய்ந்த பிறகு மச்சாள் துணியை அவிழ்த்தாள். குரல் நடுங்கியது.

“நம்மட ஊரையே கள்ளர் எண்டுட்டுப் போறான். நீங்களும் ஓம் எண்டுட்டு நிக்கிறீங்களே மச்சாள்.”

எனக்கும் அழுகை வந்தது. மரத்தைக் காட்டினேன். நீர்க்காகம் மறுபடி முட்டையில் உட்கார்ந்திருந்தது. கழுத்து மட்டும் தெரிந்தது.

“அது மூண்டும் பொரிக்கட்டும்” என்றேன்.

மச்சாள் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அது இல்லாமலே, படலை வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.