கொதித்தாறிய தண்ணீர்

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

இன்று பின்னேரம் கெம்பஸில் இருந்து ஓர் அண்ணாவும் அக்காவும் மஹய்யாவயில் எங்கள் லைன் வீடுகளுக்கு வந்தார்கள். எங்கள் குழாய்த் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். இருவரும் சிங்களம். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"குடிக்கிற தண்ணி கேக்குறாங்கம்மா" என்றேன்.

அம்மா அவர்களுடைய போத்தலை உள்ளே கொண்டுபோய், கொதித்தாறிய தண்ணீரை நிரப்பி வந்தார். "வீடு தேடி வந்த புள்ளைங்களுக்குப் பச்சத் தண்ணியா குடுக்கிறது?"

"நேரே குழாயில் பிடித்ததுதானே?" என்று அந்த அக்கா சிங்களத்தில் என்னிடம் கேட்டார்.

எங்கள் குழாய் பின்பக்கம், சாக்கடை ஓடும் கானோடு ஒட்டி இருக்கிறது. அந்த அண்ணா வாசலிலேயே லேஞ்சியால் மூக்கைப் பொத்தியிருந்தார். இல்லை என்று சொன்னால் அவர்களை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

"ஓவ்", ஆமாம் என்றேன். அவர்களும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த வீட்டுச் செல்வி அக்கா, வயிற்றோட்டத்தில் துவண்ட பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "ரிப்போர்ட் மோசமா வந்தாத்தான் பைப்ப மாத்துவாங்களாம். எல்லாம் வெவரமா சொன்னியாடி?"

"சொன்னேங்க்கா."

கெம்பஸ் அக்காவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. "நான் பொய் சொன்னேன்" என்று டைப் செய்து வைத்திருக்கிறேன். சிங்களப் பாடத்தில் எனக்கு ஏ, ஆனால் இந்த ஒரு வரியை அனுப்பக் கை வரவில்லை. நீங்களாக இருந்தால் அனுப்புவீர்களா? உடனே சொல்லுங்கள்

கதவு தட்டுகிறது. செல்வி அக்காவின் குரல்