ஜி வரிசை, பதினேழாம் குழி

காவேரி முழங்கை வரை மூன்றாவது தடவையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் கணவரின் கைகளுக்குத் தைலம் தேய்த்துவிட்டு வந்தவள். துளி ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கிற மாஸ் ஸ்பெக் எந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். பவுடர், சென்ட், கிரீம் எதற்கும் அங்கே அனுமதி கிடையாது. கல்யாண வீட்டிலிருந்து நேராக வேலைக்கு வந்த பெண்ணைக்கூட வாசலிலேயே மறித்துத் திருப்பியிருக்கிறாள். "மெஷினுக்கு மூக்கு நீளம்மா. போய்க் குளிச்சிட்டு வா போ."

சூளகிரிப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய மருந்து ஆராய்ச்சிக்கூடம் அது. வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களில் எது மருந்தாக லாயக்கு என்று சலித்துக் கொடுப்பது தொழில். உள்ளங்கை அகலப் பிளேட்டில் முந்நூற்று எண்பத்து நான்கு குழிகள். குழிக்கு ஒரு வேதிப்பொருள். எல்லாவற்றிலும் நோயைக் கிளப்பிவிடுகிற அதே என்சைம். எந்திரம் பத்து விநாடிக்கு ஒரு குழியாக உறிஞ்சி, மூலக்கூறுகளை எடைபோட்டு, என்சைம் வேலை செய்ததா, அடங்கிப்போனதா என்று சொல்லும். அடங்கியிருந்தால் அதன் பெயர் ஹிட். ஒரு ஷிப்டில் ஏழு பிளேட் ஓட்டுகிறாள். மறுபடி போட்டுப் பார்த்தும் நிற்கிற ஹிட் மாதத்துக்கு ஒன்றிரண்டு தேறினால் பெரிய விஷயம்.

ராயக்கோட்டைத் தக்காளிக்காரர் வீட்டுப் பெண். எந்திரம் ஒழுங்காக ஓடினால் கன்னடத்தில் கொஞ்சுவாள். குழாய் அடைத்துக்கொண்டால் தெலுங்கில் திட்டுவாள். பொய் ஹிட்டைப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. "தக்காளி பொறுக்குன கை சார் இது. அழுகலைக் கிரேட்டுக்கு அடியில ஒளிச்சாலும் தெரிஞ்சிரும்" என்பாள். சந்தேகமான குழியை அன்றைக்கே மறுபடி ஓட்டாமல் வீட்டுக்குப் போகமாட்டாள். அதற்காகக் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, ரோட்டில் கைகாட்டி நின்ற நாட்கள் எத்தனையோ.

கணவர் மாடசாமி கோவில்பட்டிக்காரர். ஓசூரில் ஸ்கூட்டர் கம்பெனியில் மீட்டர் பொருத்துகிற வேலை பார்த்தார். நாற்பத்தொரு வயதில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஸ்குரூ விரலில் நிற்கவில்லை. நடுக்குவாதம் என்றார் டாக்டர். இப்போது இடது கையும் சேர்ந்துகொண்டது. எந்த நோய்க்கு மருந்து தேடுகிறோம் என்று காவேரி போன்றவர்களுக்குச் சொல்வதில்லை, வெறும் எண்தான். ஆனாலும் ஒரு நாள் வீடியோ மீட்டிங்குக்குத் தண்ணீர் பாட்டில் வைக்கப் போனபோது கணவருடைய நோயின் பெயரே அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு குழியையும் அவள் ஏங்கி ஏங்கித்தான் பார்க்கிறாள்.

போன புதன்கிழமை மூன்று மணிக்கு ஜி வரிசையில் பதினேழாம் குழியில் என்சைம் சுத்தமாகப் படுத்துவிட்டது. நூற்றுக்கு நூறு ஹிட். மேலாளர் நாராயணப்பன் திரையை எட்டிப் பார்த்தார். "நூத்துக்கு நூறாம்மா? என்சைம் ஊத்தற நாசில் அடைச்சிருக்கும், குழியில என்சைமே விழுந்திருக்காது. ரிப்பீட் போட்ரு."

அவளுக்கும் அது தெரியும். புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். "நாளைக்குப் போடறேன் சார்" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. நாராயணப்பன் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இருந்தும் சாயங்காலம் சொல்லிவிட்டாள். "என்னங்க, உங்க வியாதிக்கு ஒண்ணு மாட்டுன மாதிரி இருக்குது. நாளைக்கு இன்னொரு தபா போட்டாத் தெரிஞ்சிரும்."

"நெசமாவா? அப்ப நான் வண்டி ஓட்டலாம்ல?"

மாட்டினால்கூட மருந்தாகிக் கடைக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம் பிடிக்கும். அதை அவள் சொல்லவில்லை. மூன்று வருஷமாகப் பார்க்காத முகத்தை அன்றைக்குப் பார்த்தாள். மனுஷன் மூலையில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து, நடுங்குகிற கையாலேயே துடைத்துவைத்தார். அந்த ஒரு ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக அந்தக் குழியை ஓட்டினாள். என்சைம் அமோகமாக வேலை செய்திருந்தது. இன்னொரு தடவையும் ஓட்டினாள், அதேதான். ரிப்போர்ட்டில் 'ஹிட் இல்லை' என்று அடித்துவிட்டு அடுத்த பிளேட்டை ஏற்றினாள்.

சாயங்காலம் பஸ் விட்டு இறங்கியபோது மாடசாமி தெருமுனைக்கே வந்து நின்றிருந்தார். சட்டை மாற்றி, தலை சீவியிருந்தார்.

"என்னாச்சு காவேரி, போட்டுப் பாத்தியா?"

"இல்லைங்க. இன்னிக்கு மெஷின் சர்வீஸுக்கு ஆள் வந்துட்டாங்க. நாளைக்குத்தான்."

"அதனால என்ன. அவசரப்படாம நிதானமாப் போடு" என்று அவளுடைய பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டுக்குள் போன காவேரி ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஒன்றும் எடுக்காமல், கதவைப் பிடித்தபடி, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.